கழுத்து டாப்ளரில் எதிர்த்திசை ரத்த ஓட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்து ரத்தக் குழாய்களுக்கு டாப்ளர் ஸ்கேன் (ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பரிசோதனை) எடுத்தவர்களில் சிலருக்கு அறிக்கையின் கடைசியில் இப்படி ஒரு வரி இருக்கும்: 'இடது வெர்டிபிரல் தமனியில் ரத்தம் எதிர்த்திசையில் ஓடுகிறது.' ஸ்கேன் எடுக்கப் போன காரணம் வேறாக இருக்கும். தூக்கத்தைக் கெடுப்பது இந்த வரியாக இருக்கும். அதைப் படித்தவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

மூளைக்குப் போக வேண்டிய ரத்தம் திரும்பி ஓடினால் பக்கவாதம் வந்துவிடாதா?

பெரும்பாலும் வராது. இந்த எதிரோட்டம் உள்ளவர்களில் பெரும்பான்மையோருக்கு எந்தத் தொந்தரவும் இருப்பதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவருகிறது. ரத்தம் திரும்பி ஓடும் அந்தக் கழுத்துத் தமனி பல நேரங்களில் நல்ல நிலையில்தான் இருக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுது இருப்பது கைக்குப் போகும் தமனியில். கழுத்தில் தெரிவது அதன் விளைவு மட்டுமே.

அதற்காக அறிக்கையை மடித்து அலமாரியில் வைத்துவிடக் கூடாது. கைத் தமனி அடைபடும் அளவுக்குக் கொழுப்பு படிந்திருக்கிறது என்றால், இதயத் தமனிகளிலும் கழுத்தின் முன்பக்கத்துக் கரோட்டிட் தமனிகளிலும் கால்களிலும் அதே படிவு சேர்ந்துகொண்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இத்தகைய நோயாளிகளுக்குப் பின்னாளில் ஆபத்து வருவது பெரும்பாலும் அந்த இடங்களிலிருந்துதான்.

ரத்தம் எப்படித் திசை மாறி ஓடும்?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள் நான்கு. கழுத்தின் முன்பக்கத்தில் இரண்டு கரோட்டிட் தமனிகள். பின்பக்கத்தில், கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக ஏறிச் செல்லும் இரண்டு வெர்டிபிரல் தமனிகள். வெர்டிபிரல் தமனிகள் வழக்கமாகப் பெருந்தமனியிலிருந்து நேரடியாகக் கிளம்புவதில்லை. கைக்குச் செல்லும் சப்கிளேவியன் தமனியிலிருந்து கிளையாகப் பிரிந்து மேலே போகின்றன. மண்டையோட்டுக்குள் நுழைந்தபின் இரண்டும் ஒன்று சேர்ந்து பேசிலார் தமனி ஆகின்றன. ஆகவே இடது கையின் தமனியும் வலது கையின் தமனியும் மூளையின் அடியில் ஒரு சுற்றுவழியாக இணைந்திருக்கின்றன.

இப்போது இடது சப்கிளேவியன் தமனி, வெர்டிபிரல் கிளை பிரிவதற்கு முன்பாகவே அடைபடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அடைப்புக்கு அப்பால் அழுத்தம் விழுந்துவிடும். மூளையின் அடிப்பகுதியிலோ மற்ற மூன்று தமனிகளின் தயவால் அழுத்தம் குறையாமல் இருக்கும். அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ரத்தம் ஓடும். தலை எது, கை எது என்று அதற்குத் தெரியாது. வலது வெர்டிபிரலில் ஏறிய ரத்தத்தில் ஒரு பங்கு, இடது வெர்டிபிரலில் கீழிறங்கி இடது கைக்குப் போய்ச் சேர்கிறது. கை பிழைத்துக்கொள்கிறது, மூளையின் பங்கை எடுத்துக்கொண்டு. மருத்துவர்கள் இதைச் 'சப்கிளேவியன் ஸ்டீல்' (steal, அதாவது திருட்டு) என்கிறார்கள். 1960-இல் இத்தாலிய மருத்துவர் கொண்டோர்னி இந்த எதிரோட்டத்தை ஆஞ்சியோகிராம் படத்தில் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டு ரெய்விச்சும் அவருடைய குழுவினரும் இதை மூளை சார்ந்த அறிகுறிகளோடு தொடர்புபடுத்தினார்கள்.

அடைப்பு வெர்டிபிரல் கிளைக்கு அப்பால், அதாவது தோளை நெருங்கிய பகுதியில் இருந்தால் எதிரோட்டம் வராது. கை மட்டும் அவதிப்படும். எனவே ஓட்டம் திரும்பியிருக்கிறது என்பதே அடைப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு தடயம்.

பெரும்பாலும் இடப்பக்கம் என்றே கேள்விப்படுகிறோமே?

உண்மைதான். வலப்பக்கத்தைவிட இடப்பக்கத்தில் பல மடங்கு அதிகம். இடது சப்கிளேவியன் தமனி பெருந்தமனி வளைவிலிருந்து நேராகக் கிளம்புகிறது. அதன் தொடக்கத்தில் கொழுப்பு படிவது சகஜம். வலப்பக்கத்தில் பிரேக்கியோசெஃபாலிக் என்ற ஒரே அடித்தமனிதான் வலது கைக்கும் வலது கரோட்டிடுக்குமாகப் பிரிகிறது. அது அடைபட்டால் கரோட்டிடின் ஓட்டமும் குழம்பும். அரிது, ஆனால் வந்தால் கூடுதல் கவனம் தேவைப்படும்.

அடைப்புக்குக் காரணம் கொழுப்புப் படிவு மட்டும்தானா?

நடு வயதைக் கடந்தவர்களுக்குப் பெரும்பாலும் அதுதான். புகைப்பழக்கம், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் என்று வழக்கமான கூட்டாளிகள்தான் அதற்குப் பின்னாலும் இருக்கின்றன. இளம் பெண் ஒருவருக்கு இப்படி ஓர் அறிக்கை வந்தால் யோசனை வேறு பக்கம் திரும்ப வேண்டும். பெருந்தமனியையும் அதன் கிளைகளையும் தாக்கும் தகாயாசு அழற்சி ஆசியாவில் இளம் பெண்களிடம் ஒப்பீட்டளவில் அதிகமாகக் காணப்படுகிறது. ஜப்பானியக் கண் மருத்துவரான மிகிதோ தகாயாசு 1908-இல் இதை விவரித்தார். காய்ச்சல், உடல் மெலிவு, களைப்பு, கையில் நாடி கிடைக்காமை ஆகியவை சேர்ந்திருந்தால் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகள் அவசியம். மார்புப் பகுதிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், குழந்தைப் பருவத்தில் சில வகைப் பிறவி இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இது வரலாம்.

ஒலியை அனுப்பி ரத்தத்தின் திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கழுத்தில் வைக்கும் கருவி, காதுக்கு எட்டாத ஒலி அலைகளை அனுப்புகிறது. கழுத்துத் தமனிகளுக்குப் பெரும்பாலும் 5 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் வரை. ஓடும் ரத்தச் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் சற்று மாறியிருக்கும். அணுக்கள் கருவியை நோக்கி வந்தால் கூடும், விலகிப் போனால் குறையும். இந்தக் கூடுதல் குறைவைக் கணக்கிட்டுத் திசையையும் வேகத்தையும் கருவி சொல்கிறது. மாற்றத்தின் அளவு மனிதக் காதுக்குக் கேட்கும் எல்லைக்குள் இருப்பதால்தான், ஸ்கேன் அறையில் 'வுஷ், வுஷ்' என்ற சத்தம் கேட்கிறது.

கோணம் முக்கியம். ரத்தம் ஓடும் திசைக்குச் செங்குத்தாக அலை பட்டால் மாற்றம் எதுவும் பதிவாகாது. ஓடுகிற ரத்தம் நின்றுவிட்டதுபோல் தெரியும். அதனால் 60 டிகிரி அல்லது அதற்குக் குறைவான கோணம் கிடைக்கும்படி கருவியைச் சாய்த்துப் பிடிக்கிறார்கள்.

ஆஸ்திரிய இயற்பியலாளர் கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் இந்தக் கோட்பாட்டை எழுதியது இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தை விளக்குவதற்காக. இன்று அவர் பெயரைத் தாங்கிய ஸ்கேன் திரையில் தெரியும் நிறமோ கணினி பூசுவது. அடுத்த கேள்விக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

திரையில் அந்தத் தமனி நீலமாகத் தெரிந்தது. நீலம் என்றால் எதிரோட்டம்தானே?

அல்ல. சிவப்பு தமனி, நீலம் சிரை என்று பள்ளிப் பாடப் படத்தில் பார்த்தது இங்கே செல்லாது. திரையில் நிறம் சொல்வது, ரத்தம் கருவியை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை மட்டுமே. எந்தத் திசைக்கு எந்த நிறம் என்பதை ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிவிடலாம். கருவியைச் சாய்க்கும் பக்கம் மாறினாலும் நிறம் மாறும். எனவே எதிரோட்டம் என்று எழுதுவதற்கு முன் ஸ்கேன் செய்பவர் சில விஷயங்களைச் சரிபார்த்தே ஆக வேண்டும். என் பார்வையில் இந்தப் பரிசோதனையின் உயிர்நாடி இதுதான்.

மிக எளிய வழி, அதே பக்கத்துக் கரோட்டிட் தமனியோடு ஒப்பிடுவது. இரண்டுமே தலையை நோக்கி ஓட வேண்டியவை. அமைப்பை மாற்றாமல், கருவியைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தால் இரண்டும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். கரோட்டிட் சிவப்பு, வெர்டிபிரல் நீலம் என்றால் சந்தேகம் நியாயமானது.

அடுத்து, பார்ப்பது தமனியைத்தானா என்று உறுதி செய்ய வேண்டும். வெர்டிபிரல் தமனியை ஒட்டியே வெர்டிபிரல் சிரை ஓடுகிறது. சிரை ரத்தம் இதயத்தை நோக்கிக் கீழே வருவதுதான் முறை. அதைத் தமனி என்று எடுத்துக்கொண்டால், ஆரோக்கியமான ஒருவருக்கு இல்லாத நோயை எழுதிவிட நேரும். நிறத்தைப் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. அலை வரைபடத்தைப் பார்க்க வேண்டும். தமனியில் ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் செங்குத்தாக எழும் முனை இருக்கும். சிரையின் கோடு தாழ்ந்து, மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

மூன்றாவது, கருவியின் வேக அளவு தவறாக வைக்கப்பட்டிருக்கலாம். அளவை மிகக் குறைவாக வைத்தால், வேகமாக ஓடும் ரத்தத்தின் நிறம் எல்லையைத் தாண்டி எதிர் நிறத்துக்குத் தாவிவிடும். உண்மையான எதிரோட்டத்திலிருந்து இதைப் பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் உண்டு. திசை உண்மையிலேயே மாறும் இடத்தில் இரு நிறங்களுக்கும் நடுவில் கருப்புக் கோடு தெரியும். போலித் தாவலில் கருப்பு இருக்காது; வெளிர் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். இது தவிர, வெர்டிபிரல் தமனி தொடக்கத்தில் வளைந்து நெளிந்து போகும் சிலருக்கு, அந்த வளைவில் ரத்தம் கொஞ்ச தூரம் உண்மையாகவே கீழ்நோக்கி ஓடும். அது நோயல்ல. கழுத்தின் நடுப்பகுதியில், எலும்புகளின் நிழல்களுக்கு இடையே தமனி நேராகப் போகும் இடத்தில் அளப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

'பகுதி எதிரோட்டம்' என்று எழுதியிருக்கிறார்கள். ரத்தம் பாதித் திசைதான் மாறுமா?

ஒரே இதயத் துடிப்புக்குள் கொஞ்ச நேரம் கீழும் கொஞ்ச நேரம் மேலும் ஓடுகிறது என்று பொருள். அடைப்பு முற்ற முற்ற, வரைபடம் படிப்படியாக மாறுகிறது.

தொடக்கத்தில் ஓட்டம் முழுவதும் தலையை நோக்கியே இருக்கும். ஆனால் இதயம் சுருங்கும் வேளையின் நடுவே வேகம் திடீரென்று சரிந்து, மறுபடி எழும். இந்தப் பள்ளத்தால் வரைபடம் முயலின் பக்கவாட்டு முகம்போல் தெரிவதாகச் சொல்லி, அதற்கு முயலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இதயம் சுருங்கும்போது ஏன் வேகம் குறைய வேண்டும் என்று தோன்றலாம். குறுகிய வாயில் ரத்தம் மிக வேகமாகப் பீறிடும் நேரம் அதுதான். அப்போதுதான் அடைப்புக்கு அப்பால் அழுத்தம் அதிகமாக விழுகிறது.

அடைப்பு கூடும்போது அந்தப் பள்ளம் அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கும். இதயம் சுருங்கும்போது கைக்கும், தளரும்போது மூளைக்குமாக ரத்தம் மாறி மாறி ஓடும். இதுதான் பகுதி எதிரோட்டம். அடைப்பு மிகவும் கடுமையானால், அல்லது தமனி முற்றிலும் மூடிவிட்டால், துடிப்பு முழுவதும் ரத்தம் கீழ்நோக்கியே ஓடும்.

ஸ்கேனின்போது கையில் பட்டையைக் கட்டி இறுக்கினார்கள். எதற்கு?

கைக்கு ரத்தத் தேவையைக் கூட்டுவதற்கு. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேல் அழுத்தத்துக்கும் அதிகமாக ஏற்றி, 3 முதல் 5 நிமிடங்கள் வரை கையின் ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். பட்டையைச் சட்டென்று தளர்த்தியதும், காத்திருந்த கையின் சிறு குழாய்கள் எல்லாம் விரிந்து ரத்தத்தை இழுக்கும். அந்தக் கணத்தில் வெர்டிபிரல் தமனியைக் கவனிக்கிறார்கள். ஓய்வில் வெறும் பள்ளமாக இருந்தது பகுதி எதிரோட்டமாகவும், பகுதி முழுமையாகவும் மாறினால் ஐயம் தீர்ந்தது. பட்டை இறுகியிருக்கும்போது கை மரத்துப்போகும், வலிக்கும். தளர்த்திய சில நிமிடங்களில் சரியாகிவிடும். பட்டைக்குப் பதிலாகக் கையை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்யச் சொல்வதும் உண்டு. ஓய்விலேயே முழு எதிரோட்டம் தெளிவாகத் தெரிந்தவருக்கு இந்தச் சோதனையால் புதிதாக எதுவும் கிடைக்கப்போவதில்லை.

முன்தயாரிப்பு ஏதாவது வேண்டுமா? கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

பட்டினி இருக்க வேண்டாம். கழுத்து திறந்திருக்கும் உடையில் போனால் போதும். சங்கிலியைக் கழற்றச் சொல்வார்கள். ஊசி இல்லை, எக்ஸ்ரே கதிர்வீச்சும் இல்லை.

வீட்டிலேயே இதைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பாருங்கள். இவ்வளவு எளிமையான ஒரு காரியம் இவ்வளவு அபூர்வமாகச் செய்யப்படுவது எனக்கு எப்போதும் வியப்புதான். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, அடுத்தடுத்து இரு கைகளிலும் அளந்து, மறுபடியும் ஒருமுறை அளக்க வேண்டும். மேல் அழுத்தத்தில் 10 மி.மீ. வரை வித்தியாசம் பலருக்கும் இருக்கும். வித்தியாசம் 15 முதல் 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், குறைவாகக் காட்டும் கையின் தமனியில் அடைப்பு இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். டாப்ளரில் எதிரோட்டம் என்று வந்து, இரு கைகளின் அழுத்தமும் சமமாக இருந்தால், ஸ்கேனை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. இரண்டு பக்கமும் அடைப்பு உள்ள சிலருக்கு மட்டும் இந்த ஒப்பீடு ஏமாற்றிவிடும்.

இதற்குள் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அடைப்புள்ள கையில் மட்டுமே அளந்துவந்தால் உயர் ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாமல் போகும். அந்தக் கை 120 காட்டும்போது உடலின் உண்மையான அழுத்தம் 160 ஆக இருக்கலாம். 'உங்களுக்கு பிரஷர் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது' என்று மாத்திரையைக் குறைத்தும் விடுவார்கள். எதிரோட்டம் உறுதியானவர்கள் இனி எங்கே போனாலும் அழுத்தம் கூடுதலாக உள்ள கையைத்தான் நீட்ட வேண்டும். அதைச் செவிலியரிடம் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும்.

எனக்கு அடிக்கடி தலைசுற்றுகிறது. இதுதான் காரணமா?

இருக்கலாம், ஆனால் தலைசுற்றல் மட்டும் தனியாக இருந்தால் இதன்மீது பழி போடத் தயங்குவேன். உள்காதுக் கோளாறு, எழுந்து நிற்கும்போது அழுத்தம் குறைவது, மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவை எல்லாம் இதைவிடப் பொதுவான காரணங்கள். ஸ்கேனில் ஒன்று அகப்பட்டுவிட்டது என்பதற்காக எல்லாத் தொல்லைகளையும் அதன் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

தலைசுற்றலோடு பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, சில நொடிகள் நினைவு தப்புவது ஆகியவை சேர்ந்தால் சந்தேகம் வலுக்கும். அந்தக் கையால் வேலை செய்யும்போது இவை வந்தால் இன்னும் வலுக்கும். கையைத் தூக்கி வேலை செய்தால் சீக்கிரம் சோர்வது, வலிப்பது, மற்றக் கையைவிடக் குளிர்ந்திருப்பது ஆகியவை கையின் பக்கத்து அறிகுறிகள்.

ஒருவருக்கு அறிகுறி வருவதும் இன்னொருவருக்கு வராததும் ஏன் என்றால், மூளையின் அடியில் முன், பின் தமனிகளை இணைக்கும் வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைவதில்லை. வளையம் நன்றாக இருந்தால் முன்பக்கத்திலிருந்து ரத்தம் வந்து இழப்பை ஈடுகட்டிவிடும்.

முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் விழுந்துபோவது, பேச்சுக் குழறுவது, திடீரென்று பார்வை போவது: இவற்றில் எது வந்தாலும் அது பக்கவாத அவசரம். ஸ்கேன் அறிக்கையைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எம்.ஆர். ஆஞ்சியோகிராமில் அந்தத் தமனியே அடைபட்டிருப்பதாக வந்தது. டாப்ளரில் எதிரோட்டம் என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டு அறிக்கைகளையும் ஒரே மருத்துவரிடம் ஒன்றாகக் காட்டுங்கள். முரண் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். மருந்து செலுத்தாமல் எடுக்கும் ஒரு வகை எம்.ஆர். ஆஞ்சியோகிராமில், சிரைகள் படத்தில் குறுக்கிடாமல் இருக்க, மேலிருந்து கீழே வரும் ரத்தத்தின் சமிக்ஞையை வேண்டுமென்றே அழித்துவிடுகிறார்கள். எதிர்த்திசையில் ஓடும் வெர்டிபிரல் தமனியும் மேலிருந்து கீழேதான் வருகிறது. சிரைகளோடு சேர்ந்து அதுவும் படத்திலிருந்து மறைந்துவிடும். தமனி திறந்தே இருக்கும், படத்தில்தான் இருக்காது. டாப்ளர் அந்த நேரத்தில் ஓடும் ரத்தத்தையே பார்ப்பதால் இங்கே அதன் கை ஓங்குகிறது.

டாப்ளருக்கும் குறை உண்டு. இடது சப்கிளேவியன் தமனியின் தொடக்கம் மார்புக்குள் ஆழத்தில், எலும்புக்கும் நுரையீரலுக்கும் பின்னால் இருக்கிறது. அடைப்பை நேரில் பார்க்கப் பல நேரம் முடியாது. விளைவைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கும். சிகிச்சை தேவை என்று முடிவானால் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொல்வது அதனால்தான்.

வேறு கழுத்துத் தமனிகளிலும் ஓட்டம் திரும்புமா?

திரும்பும். பொதுக் கரோட்டிட் தமனி முழுவதும் அடைபட்டால், முகத்துக்கு ரத்தம் தரும் வெளிக் கரோட்டிடில் ஓட்டம் திரும்பி, உட்கரோட்டிட் வழியாக மூளைக்கு ஊட்டலாம். அங்கே கொடுக்கிறவர் முகம், வாங்குகிறவர் மூளை. இரண்டு பக்கத்துக் கரோட்டிடுகளிலும் இதயம் தளரும் வேளையில் மட்டும் ரத்தம் பின்வாங்கினால் கழுத்தை விட்டுவிட்டு இதயத்தைப் பார்க்க வேண்டும். பெருந்தமனி வால்வு சரியாக மூடாமல் கடுமையாகக் கசிவதன் அடையாளமாக அது இருக்கலாம்.

சிகிச்சை என்ன? எல்லோருக்கும் ஸ்டென்ட் வைப்பார்களா?

அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொதுவாக அடைப்பைத் திறப்பதில்லை. புகையை நிறுத்துவது, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின், ரத்தத் தட்டுகள் ஒட்டாமல் தடுக்கும் மருந்து, அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது என்று முழு உடலின் தமனிகளுக்குமான சிகிச்சை தரப்படும். அழற்சியால் வந்திருந்தால் முதலில் அழற்சியை அடக்க வேண்டும்.

மூளை அல்லது கை சார்ந்த அறிகுறிகள் தொல்லை தந்தால், பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பார்கள். அது இயலாதபோது, கரோட்டிடிலிருந்து கைத் தமனிக்கு மாற்றுவழி அமைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. பலனைக் காட்டுவதும் டாப்ளர்தான்: வெர்டிபிரலில் ரத்தம் மறுபடி மேல்நோக்கி ஏறும், இரு கைகளின் அழுத்தமும் நெருங்கி வரும். பின்னாளில் ஸ்டென்ட் மறுபடி குறுகினால், அதே பழைய பள்ளம் வரைபடத்தில் தலைகாட்டும்.

இதய பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டுமா?

கண்டிப்பாக வேண்டும். பைபாஸில் பெரும்பாலும் பயன்படுத்துவது மார்பின் உட்புறம் ஓடும் இடது மார்புத் தமனி. அதுவும் இடது சப்கிளேவியனிலிருந்து பிரிவதுதான். சப்கிளேவியனின் தொடக்கத்தில் அடைப்பு வந்தால் வெர்டிபிரலைப் போலவே இதிலும் ஓட்டம் திரும்பி, இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் கைக்கு இறங்கலாம். இடது கையால் வேலை செய்யும்போது நெஞ்சு வலிக்கிறது என்று பைபாஸ் செய்துகொண்ட ஒருவர் சொன்னால், ஈ.சி.ஜி. எடுப்பதோடு இரு கைகளிலும் அழுத்தமும் பார்க்க வேண்டும். அறுவைக்கு முன்பே அதைப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் சப்கிளேவியனை ஆராய்ந்துவிடுவது இன்னும் நல்லது.

டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் நேரடியாக இணைத்த வழி) வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஃபிஸ்டுலா இழுக்கும் ரத்தத்தின் அளவு மிக அதிகம் என்பதால், அந்தப் பக்கத்தில் பெரிய அடைப்பு இல்லாமலேயே வெர்டிபிரலில் எதிரோட்டம் வரலாம். ஸ்கேனுக்குப் படுக்கும் முன்பே ஃபிஸ்டுலா எந்தக் கையில் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கையில் பட்டையைக் கட்டவே கூடாது.